சிறுவர் விளையாட்டில் ஒளிந்திருக்கும் போர்: ஜப்பானிய அச்சோவியங்களைப் படிக்க உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். 1868-இல் ஜப்பானில் பேரரசர் தரப்புக்கும் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) தரப்புக்கும் இடையே போஷின் உள்நாட்டுப் போர் மூண்டபோது, நடப்பு அரசியலை வெளிப்படையாக அச்சிடத் தடை இருந்ததால், மூன்றாம் ஹிரோஷிகே போன்ற ஓவியர்கள் போரிட்ட தரப்புகளை விளையாடும் சிறுவர்களாக மரக்கட்டை அச்சில் வரைந்தனர். ஆடையில் ஹாகிப் பூ இருந்தால் அந்தச் சிறுவன் ஹாகி கோட்டை நகருக்குரிய, பேரரசர் தரப்பிலிருந்த சோஷூ சிற்றரசு. மெழுகுவத்தி இருந்தால், அதற்குப் பெயர்பெற்ற, ஷோகுன் தரப்பிலிருந்த ஐசு சிற்றரசு. கேட்பவரிடம் வெறும் விளையாட்டு என்று சொல்லிவிடலாம் என்பதே இதிலுள்ள சாமர்த்தியம். எனினும், ஆடையிலுள்ள ஒவ்வொரு கோலத்தையும் குறியீடாகக் கொள்வது மிகை என்றே கருதுகிறேன். எது அலங்காரம், எது குறிப்பு என்று பிரித்தறியும் முறையை அறிந்தவர்களும், சிறுவர்களின் அருகே பழைய கூட்டெழுத்தில் உள்ள உரையாடல்களைப் படிக்கக்கூடியவர்களும் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.