1990 ஆகஸ்ட்டில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கீழராஜவீதி எழுதியது:

என் மகனுக்கு 23 வயது. "என் வயசுல நீங்க என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க?" என்று நேற்றுக் கேட்டான். கணக்குப் போட்டால் 1990 வருகிறது. புதுக்கோட்டையில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், மாதம் 450 ரூபாய். அந்த ஆகஸ்ட்டில்தான் பிரதமர் வி.பி. சிங் மண்டல் இடஒதுக்கீட்டு அறிவிப்பைச் செய்தார். அடுத்த வாரமே மான்செஸ்டரில் சச்சின் முதல் டெஸ்ட் சதம் அடித்தார். கடையில் முன்னதைப் பற்றிச் சண்டை, பின்னதைப் பற்றிச் சமாதானம். எனக்கு இருந்த ஒரே கவலை, முதலாளி தீபாவளிக்கு போனஸ் கொடுப்பாரா மாட்டாரா என்பதுதான். (கொடுக்கவில்லை.)

இங்கே பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அந்த ஆகஸ்ட்டில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சாதனைக் கதை வேண்டாம். எந்த ஊர், என்ன வேலை, என்ன கவலை? அவ்வளவு போதும்.

---

பாளை அக்கா:

பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தேன் தம்பி. காலை ஆறு மணி பேட்ச். லோயர் முடித்து ஹையருக்கு உட்கார்ந்திருந்த சமயம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. எனக்கு வேகம் வந்துவிட்டது, அட்டவணை அடிக்கும் ஸ்டேட்மென்ட்தான் கோணல்மாணலாகப் போகும். ஹையர் சர்டிபிகேட்டை எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தால் குரூப் 4-ல் டைப்பிஸ்ட் வேலை நிச்சயம் என்று அப்பா நம்பினார். வேலை வந்தது, ஆனால் அப்பா நினைத்த வருடத்தில் இல்லை.

---

ஃபர்வானியா ரிட்டர்ன்:

ஆகஸ்ட் என்று நீங்கள் மாதத்தையும் சேர்த்துப் போட்டதால்தான் எழுதுகிறேன்.

நான் குவைத்தில் இருந்தேன். ஃபர்வானியாவில் ஒரு பகாலா. நம்ம ஊர் பெட்டிக்கடையும் மளிகைக்கடையும் சேர்ந்த மாதிரி இருக்கும். வயது 24. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். சம்பளம் 60 தினார். ஒரு தினார் அப்போது ஏறக்குறைய 60 ரூபாய்க்குப் போனது, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ஹைஸ்கூல் வாத்தியார் என்னை வழியில் பார்த்தால் நின்று பேசும் அளவுக்கு அது பெரிய பணம். ஆனால் அந்தப் பணம் என் கைக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஏஜென்டுக்குக் கொடுத்தது 16,000 ரூபாய். அதற்கு அம்மாவின் செயின் அடகில், வீட்டுப் பத்திரம் வட்டிக்காரரிடம். நூற்றுக்கு மூன்று வட்டி. பாதிக் கடன்கூட அடையவில்லை.

ஆகஸ்ட் 2 வியாழக்கிழமை. விடிகாலையில் சத்தம் கேட்டது. பக்கத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு ரூமில் ஆறு பேர், எல்லோருமே முதல் நாள் நள்ளிரவு வரை கடையில் நின்றவர்கள். ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கப் போனால் ரோட்டில் ராணுவ வண்டிகள். குவைத் ராணுவம் என்றே நினைத்தோம். ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கோடைக்கு லண்டன் போயிருந்தார். கடைச் சாவி சீனியரான மலையாளி அண்ணனிடம் இருந்தது. "தொறக்கவா வேண்டாமா?" என்று அவர் கேட்க, பதில் சொல்ல வேண்டிய முதலாளி இல்லை, போனும் இல்லை. திறந்தோம்.

முதலில் தீர்ந்தது பால் பவுடர். அப்புறம் அரிசி, அப்புறம் சிகரெட். குபூஸ் என்கிற அரபு ரொட்டி சுடும் கடைகளில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். ஈராக் சிப்பாய்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னப் பையன்கள். பிஸ்கட்டும் தண்ணீரும் கேட்டு வருவார்கள். சிலர் சும்மா எடுத்துக்கொண்டு போனார்கள், சிலர் ஈராக் அதிபர் சதாம் படம் போட்ட 25 தினார் நோட்டை நீட்டினார்கள். எதிரில் ஒரு கடையைச் சூறையாடியதையும் பார்த்தேன். அதையெல்லாம் இங்கே விரிக்க இஷ்டமில்லை.

கவலை என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? அதைத்தான் சொல்ல வந்தேன். துப்பாக்கி பயம்தான். ஆனால் அது வெளியே போகும்போது வரும், உள்ளே வந்தால் போய்விடும். படுத்தால் வந்தது வேறு பயம். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பண டிராஃப்ட் போகாது, வட்டி நிற்கும், வட்டிக்கு வட்டி ஏறும். பாய்க்கு அடியில் 110 தினார் வைத்திருந்தேன். குவைத் தினாரும் ஈராக் தினாரும் இனி ஒன்று என்று அறிவித்தார்கள். ஈராக் தினாருக்குச் சந்தையில் எவ்வளவு குறைந்த மதிப்பு என்று பாக்தாத் போய்வந்த டிரைவர் ஒருவர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. எங்கள் ரூமைப் பொறுத்தவரை போர் அன்றுதான் வந்தது.

அந்த மாதமே வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் வந்து சதாமைப் பார்த்தார். சதாம் அவரைக் கட்டிப்பிடித்த போட்டோவை வைத்து ஊரில் அவரைத் திட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். திட்டியவர்கள் யாரும் ஃபர்வானியாவில் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

செப்டம்பரில் கிளம்பினோம். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு பஸ். பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லை. ருவைஷித் பக்கம் கூடாரத்தில் போட்டார்கள். பகலில் வெயில், ராத்திரியில் குளிர். எகிப்துக்காரர், வங்கதேசத்தார், இலங்கைப் பெண்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று உலகமே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. மாத்தறையிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த ஓர் அக்கா கொச்சைத் தமிழில், "தம்பி, எங்க தூதரகம் எங்கன இருக்கு?" என்று கேட்டார். எனக்கு எங்கள் தூதரகமே எங்கே என்று தெரியாது.

அம்மானிலிருந்து ஏர் இந்தியா. டிக்கெட் காசு கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் 488 முறை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிவந்தார்கள் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, தட்டில் சோறு வந்தது என்பது மட்டும்தான். மும்பையில் இறங்கி, மெட்ராஸ் மெயில் பிடித்து ஊர் வந்தேன்.

வீட்டுத் திண்ணையில் முதலில் வந்து உட்கார்ந்தவர் வட்டிக்காரர். துக்கம் விசாரிக்கிற தோரணையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. அந்த இரண்டு மாதமும் தினமும் ராத்திரி பிபிசி தமிழோசையைத் தவறாமல் கேட்டிருக்கிறார். என் உயிருக்கு எங்கள் அம்மாவுக்கு அடுத்தபடியாகப் பதறியவர் அவர்தான் என்று இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

அடுத்த பொங்கலுக்கு முன்பே திருப்பூர் வந்துவிட்டேன். பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன், டே ஷிஃப்ட் முடித்து நைட்டும் பார்ப்பது. இன்னும் திருப்பூரில்தான்.

---

மலைக்கோட்டை எஸ்.டி.டி.:

அண்ணே, நான் அப்போது திருச்சியில், வெளியூருக்குப் போன் பேசும் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, கதவைச் சாத்தினால் சுற்றும் குட்டி ஃபேன். உங்களைப் போன்றவர்களின் வீட்டு ஆட்கள்தான் அந்த மாதம் முழுக்க எங்கள் பூத்தில் நின்றார்கள். குவைத்துக்குக் கோடு நம்பர் 965. எத்தனை முறை போட்டாலும் ஒன்றும் கேட்காது. லைன் கிடைத்தால்தான் மீட்டரில் சிவப்பு எண் ஓடும், பில் வரும், எங்களுக்குக் கமிஷன் வரும். அதனால் யாரிடமும் காசு வாங்கவில்லை. முதலாளிக்கு மட்டும் கோபம், "வர்ற மெட்ராஸ் கால் எல்லாம் போகுதுடா" என்பார்.

ராத்திரி 11 மணிக்கு மேல் கால்வாசிச் சார்ஜ். அந்த நேரத்துக்குத்தான் கூட்டம் அதிகம் வரும். லைனே இல்லாத ஊருக்கும் 11 மணிக்கு மேல்தான் போட்டுப் பார்த்தார்கள். பழக்கம்தானே.

---

கணக்குப்பிள்ளை பேரன்:

ஃபர்வானியா ஐயா, அந்த 110 தினார் என்ன ஆயிற்று? நஷ்ட ஈடு ஏதாவது கிடைத்ததா? என் பெரியப்பாவும் அப்படி வந்தவர்தான், கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

---

ஃபர்வானியா ரிட்டர்ன்:

தம்பி, தினாரில் பெரும்பகுதி பஸ்ஸுக்கும் வழியில் ரொட்டிக்கும் போயிற்று. மிச்சத்தை அம்மானில் ஒருவர் வாங்கிக்கொண்டார், அவர் கொடுத்ததைச் சொல்ல வெட்கம். வைத்திருந்தாலும் சிக்கல்தான். குவைத் விடுதலையானதும் 1991 மார்ச்சில் புது நோட்டு அடித்து, பழையதைச் செல்லாததாக்கினார்கள்.

நஷ்ட ஈடு கிடைத்தது. ஐ.நா.வில் அதற்கென்றே ஒரு கமிஷன் அமைத்தார்கள். ஈராக் விற்கும் எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொடுப்பது ஏற்பாடு. ஊரைவிட்டு ஓடிவந்ததற்கு மட்டும் தனியாளுக்கு 2,500 டாலர். வேறு எந்த வகையிலும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000. டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக மனுப் போட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஜோர்டான் முத்திரை இருந்ததால் எனக்குத் தொல்லை இல்லை. முத்திரை தெளிவாக இல்லாதவர்கள் அலைந்தார்கள்.

மனுப் போட்டு மறந்தே போய்விட்டேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் பணம் வந்தது, அதுவும் இரண்டு தவணையாக. அதற்குள் வட்டிக்காரர் கணக்கு முடிந்து, பத்திரமும் செயினும் வீடு திரும்பியிருந்தன. அதனால் முதல் தவணையை அப்படியே எடுத்து பனியன் தைக்க ஓவர்லாக் மெஷின் ஒன்றும் பவர் டேபிள் இரண்டும் போட்டேன். ஜாப் ஒர்க் ஆரம்பித்தது அதில்தான். பெரியப்பா மனுப் போட்டாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், போர்க் கதை கேட்காதீர்கள். பணக் கணக்கு என்றால் பேசுவார்.