கவர் லெட்டர் அனுப்பியும் பதிலே வரவில்லை, எங்கே தவறு?

ஈசூன்வாசி:
வணக்கம். கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். மாமியார் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டேன். போன வருடம் அவர் தவறிவிட்டார். இப்போது சிங்கப்பூர் அரசின் வேலை தேடும் தளமான மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வழியாக விண்ணப்பிக்கிறேன். 17 இடத்துக்கு அனுப்பியாயிற்று, ஒரு அழைப்பும் இல்லை. கவர் லெட்டரில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தொடக்கம் தமிழில் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் உள்ள பணிக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்கு வயது 43. நான் கடின உழைப்பாளி, எல்லாரோடும் ஒத்துப்போவேன், எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்."

அப்புறம் ஒரு பக்கம் முழுக்க ரெஸ்யூமில் இருப்பதேதான். மாமியாரைப் பார்த்துக்கொண்ட இரண்டு வருடத்தைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

துவாஸ்கிடங்கு:
அக்கா, நான் துவாஸில் ஒரு கிடங்கில் விண்ணப்பங்களைப் பார்ப்பவன். கடின உழைப்பாளி என்று எல்லாருமே எழுதுகிறார்கள். அதை வைத்து என்னால் ஒருவரையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. விளம்பரத்தை மறுபடி படியுங்கள். முதலில் என்ன கேட்கிறார்கள்? அந்த வேலையை நீங்கள் எப்போது செய்தீர்கள்? சிஸ்டத்தில் இருக்கும் எண்ணும் அலமாரியில் இருக்கும் சரக்கும் ஒத்துவராத நாள் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அன்று நடந்ததை இங்கே எழுதுங்கள்.

ஈசூன்வாசி:
சைக்கிள் கவுண்டில், அதாவது சரக்கைப் பகுதி பகுதியாக அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதில், வித்தியாசம் வந்தால் காரணம் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. எங்கள் கிடங்கில் ஒரு ஷாம்பு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. இரவு ஷிப்ட் பையன் மேல் எல்லாருக்கும் சந்தேகம். நான் சரக்கோடு வரும் பழைய டெலிவரி ஆர்டர் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சப்ளையர் பெட்டிக்கு 24 பாட்டில் என்பதை 20 ஆக்கியிருந்தார், எங்கள் சிஸ்டத்தில் 24 என்றே ஏறிக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்னேன், பிரச்சினை தீர்ந்தது. இது தினசரி வேலைதானே, இதையா எழுதுவது?

துவாஸ்கிடங்கு:
இதையேதான்! எனக்கு வேண்டிய ஆள் இப்படித்தான் யோசிக்க வேண்டும். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று ஒரு வரி, உடனே இந்தச் சம்பவம் நாலைந்து வரியில். அரைப் பக்கம் போதும். இரண்டு வருடத்தை மறைக்காதீர்கள், ரெஸ்யூமில் தேதியைப் பார்த்து நாங்களே ஏதேதோ ஊகிப்போம். "குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க வேலையை விட்டேன், இப்போது முழுநேரம் வரத் தயார்" என்றால் சரி. நோய் விவரம் வேண்டாம்.

ஜூரோங்தோழி:
வயதையும் எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத வயது, இனம், சமயம், திருமண விவரங்களை விண்ணப்பத்தில் கேட்கக்கூடாது என்பது அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட, நியாயமான வேலை நியமனம் பற்றிய முத்தரப்பு வழிகாட்டிகளிலேயே இருக்கிறது. நாமாக ஏன் கொடுக்க வேண்டும்? அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 2019 செப்டம்பரிலிருந்து நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு, வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். நேரில் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது என்று தோன்றினால் ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகத்தில் இருக்கும் இ2ஐ என்ற வேலைவாய்ப்பு உதவி நிலையத்துக்குப் போங்கள், அங்கே வேலை ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. மாற்றி எழுதியது:

"சைக்கிள் கவுண்ட் வித்தியாசங்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பவர் தேவை என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்தேன். முன்பு வேலை பார்த்த கிடங்கில் ஒரு சரக்கு நான்கு மாதம் தொடர்ந்து குறைந்தது. டெலிவரி ஆர்டர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெட்டிக்கு 20 வந்த சரக்கு 24 என்று பதிவாகியிருந்தது தெரிந்தது. சிஸ்டத்தைத் திருத்த வைத்தேன்."

துவாஸ்கிடங்கு:
இதைப் படித்தால் உங்களைக் கூப்பிட்டுப் பேசத் தோன்றுகிறது, அக்கா. ஒன்று மட்டும் குறைகிறது. திருத்திய பிறகு அடுத்த கவுண்டில் என்ன ஆயிற்று?

ஈசூன்வாசி:
அடுத்த இரண்டு கவுண்டிலும் ஒரு பாட்டில்கூடக் குறையவில்லை. அதையும் சேர்த்துவிட்டேன். விளம்பரம் நாளை முடிகிறது, இன்று இரவே அனுப்புகிறேன்.