கயிற்று நுனிக்கு நெருப்பா, நூலா?

நெத்திலி எழுதியது:

புதுக் கயிறு வாங்கி வந்ததும், நுனி பிரிந்துபோகாமல் இருக்க அதில் தீக்குச்சியைக் காட்டி உருக்கி, ஈர மணலில் ஒரு அழுத்து அழுத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எங்கள் கரையில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நைலானோ பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறோ, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் படகில் தொழில். ஒருநாள் விடியற்காலை கடலில் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, எங்களுக்கு முன்னால் போன படகு திடீரென்று நின்றுவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால், பின்பக்கம் நழுவி விழுந்த பிபி கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக் கிடந்தது. நைலான் மூழ்கிவிடும், பிபி மிதக்கும், அதனால் விசிறிக்கு எப்போதும் அதுதான் எமன். இந்தக் கயிறோ நுனியிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் பிரிந்து, முறுக்கிச் சேர்த்திருந்த மூன்று இழைக்கற்றைகளும், அதாவது மூன்று புரியும், மூன்று பக்கம் விரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக இறுகியிருந்தது. பையன் ஒருவன் கத்தியோடு இறங்கி அறுத்தெடுத்தான். கடல் அமைதியாக இருந்ததால் ஆயிற்று. காற்று நாளில், அலை உடைகிற இடத்தில் எஞ்சின் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அறுத்த துண்டை வாங்கிப் பார்த்தேன். உருக்கிய குமிழ் இரண்டாக வெடித்து, பாதி ஒரு புரியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெடித்த விளிம்பில் கட்டைவிரலை வைத்தால் உடைந்த பீங்கான் மாதிரி கீறுகிறது. கயிறு வேகமாகக் கையில் ஓடும்போது இந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிடும். நம்மில் பலர் கையில் அந்தத் தழும்பு உண்டு.

உருக்குவதில் உள்ள குறை இதுதான். நுனியில் கொஞ்சம்தான் இழைகள் ஒட்டுகின்றன, ஒட்டிய இடம் கல்லாகிவிடுகிறது. பக்கத்திலேயே கயிறு வளைந்துகொண்டும் நீண்டுகொண்டும் இருக்கிறது. கப்பியில் ஏறி இறங்கி, பலகையில் அடிபட்டு, காலில் மிதிபட்டால் கல் வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்த பிறகு முறுக்கு தானாகவே அவிழும். முறுக்கு போன புரிகளில் பாரம் சமமாக விழாது, அதனால் அந்த நீளம் முழுவதையும் வெட்டித்தான் போட வேண்டும். நங்கூரக் கயிற்றில் இப்படி அடிக்கடி ஒரு முழம் போனால் எவ்வளவு காசு!

நான் செய்வது நூல் கட்டு. வலை நூலைத் தேன்மெழுகில் தேய்த்துக்கொள்வேன். மெழுகு பூசாத நூல் நைலானில் வழுக்கும். நூலின் ஒரு முனையை மடித்துக் கண்ணியாக்கி, கண்ணி கயிற்று நுனியைப் பார்த்திருக்கும்படி கயிற்றோடு ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த முனையில் நாலு விரல் நீளம், கயிற்று நுனிக்கு எதிர்ப்பக்கம், சுற்றுக்கு வெளியே நிற்கட்டும். அப்புறம் உள்ளிருந்து நுனியை நோக்கி, கயிற்றின் முறுக்குக்கு எதிர்த்திசையில், கண்ணியின் மேலேயே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எதிர்த்திசை ஏன் என்றால், கயிறு அவிழப் பார்க்கும்போது சுற்று இன்னும் இறுகும். சுற்றின் நீளம் குறைந்தது கயிற்றின் தடிமன் அளவு, ஒன்றரை மடங்கு என்றால் இன்னும் நல்லது. 12 மி.மீ. கயிற்றுக்கு 18 மி.மீ. சுற்றினால் தாராளம். கடைசியில் நூலைக் கண்ணிக்குள் நுழைத்து, வெளியே விட்டிருந்த முனையை இழுத்தால் கண்ணி சுற்றுக்குள் போய்விடும். நடுவரைக்கும் போனதும் நிறுத்த வேண்டும். முழுக்க இழுத்தால் மறுபக்கம் வந்து கட்டே அவிழ்ந்துவிடும். மீதி நூலை ஒட்ட வெட்டிவிடலாம்.

இதையும் கயிறு வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கட்டிவிட்டு நடுவில் வெட்டினால், இரண்டு நுனியும் ஒழுங்காக நிற்கும். பிரிந்த பிறகு கட்ட உட்கார்ந்தால் புரிகளைத் திரும்ப முறுக்கிச் சேர்ப்பதே பெரும்பாடு. கட்டு போட்ட பிறகு நுனியை லேசாக உருக்கினால் தப்பில்லை. நெருப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

தோணிக்காரர் எழுதியது:

நெத்திலி தம்பி சொன்ன கட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒரு சுற்று உராய்ந்து அறுந்தால் மொத்தமும் கழன்றுவிடும். சரக்குத் தோணியில் வேலை பார்த்தபோது நாங்கள் கோணி ஊசியால் தைத்துத்தான் கட்டுவோம். முதலில் ஊசியை ஒரு புரிக்கு அடியில் குத்தி எடுத்து, வழக்கம்போல் சுற்றுவது. சுற்றி முடித்ததும் இரண்டு புரிகளுக்கு நடுவே ஊசியை விட்டு, புரிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியாகச் சுற்றின் மேல் சாய்வாக நூலைக் கொண்டுவந்து, மறுமுனையில் அடுத்த புரிக்கு அடியில் குத்துவது. இப்படி மூன்று பள்ளத்திலும் நூல் விழுந்துவிட்டால் சுற்று முன்னேயும் நகராது, பின்னேயும் நகராது. கயிறு தேய்ந்து மாற்றும் நாள் வரை நுனி அப்படியே இருக்கும். அவசரத்துக்கு நூல் கட்டு, நிரந்தரத்துக்குத் தையல்.

தண்ணீர் மொள்ளும் வாளிக் கயிற்றுக்கு நூலே வேண்டாம். மூன்று புரிகளையும் பிரித்து, ஒன்றின் அடியில் ஒன்றாக மடக்கித் தலை கட்டி, கயிற்றின் உடம்புக்குள்ளேயே மூன்று முறை பின்னி இறக்கிவிட்டால் போதும். நுனி தடிமனாகிவிடும், ஈரக் கைக்கு நல்ல பிடி. கப்பிக்குள் ஓடும் கயிற்றுக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது, சிக்கிக்கொள்ளும்.

டிங்கி எழுதியது:

நான் சென்னைத் துறைமுகத்தில் சின்னப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். எங்கள் கயிறுகள் முறுக்கியவை இல்லை, பின்னியவை. வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு தண்டு. நுனி விட்டுப்போனால் உறை ஒரு பக்கம் நழுவ, தண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாயை இறுக்கும்போது கையில் வெறும் உறைதான் வருகிறது! அதனால் உறையையும் தண்டையும் சேர்த்துக் குத்தித் தைத்த பிறகே எங்களைச் சுற்றச் சொல்வார்கள். டைனீமா என்ற செயற்கை இழையால் ஆன தண்டு 150 டிகிரிக்கு முன்பே உருகிவிடும், ஆனால் வழுக்கும் ரகம். பாலியெஸ்டர் உறையோ சுமார் 250 டிகிரி கேட்கும். இரண்டையும் ஒரே நெருப்பில் ஒட்ட வைக்க முடியவில்லை. கெவ்லார் என்ற இன்னொரு செயற்கை இழை உருகவே உருகாது, கருகும்.

ஒரு கேள்வி. தென்னங்கயிற்றுக்கு என்ன செய்வது?

நெத்திலி எழுதியது:

தோணிக்கார அண்ணே, தையல் விஷயத்தில் நீங்கள் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. வலை பார்ப்பதுபோல் கயிற்று நுனிகளையும் அந்த நாட்களில் தைத்துவிடலாம்.

டிங்கி தம்பிக்கு: தென்னங்கயிறு எரியும், உருகாது. எனவே நூல் ஒன்றுதான் வழி. பருத்தி நூல் நார் கயிற்றில் நன்றாகக் கடித்துப் பிடிக்கும். கயிற்றைக் காய்ந்த நிலையில் வைத்து இறுக்கிக் கட்டுங்கள். நனைந்தால் நார் ஊதிக் கட்டு இன்னும் இறுகும். ஈரமாக இருக்கும்போது கட்டினால் காய்ந்ததும் தொளதொளத்துவிடும். இன்னொன்று, வெட்டிய நைலான் துணுக்குகளைக் கடலில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மக்காத பொருள், மீன் வயிற்றுக்குத்தான் போகும்.