2710 காட்டியது சரி, எத்தனை வோல்ட்டில்?

கரிச்சான்:
நேற்று ஃபிளாஷ் பற்றிய பேச்சுக்கு நடுவில் பறவைப்பித்தன் கேனான் கேமரா பேட்டரி பற்றி இப்படி எழுதிவிட்டுப் போனார்: “வெளி கம்பெனி எல்பி-ஈ6 பேட்டரியில் 2650 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உண்மைதான். யுஎஸ்பி மீட்டர் வைத்து அளந்தேன், 2710 காட்டியது. ஒரிஜினல் வாங்குகிறவர்கள் ஏமாளிகள்.” அதை நம்பி மூன்று பேர் அதே பேட்டரியை வாங்கப் போகிறார்கள். அதனால்தான் தனியாக எழுதுகிறேன். எம்ஏஎச் என்றால் மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு.

கேனான் 2008-ல் 5டி மார்க் 2 கேமராவோடு எல்பி-ஈ6 கொண்டுவந்தபோது அதில் 1800 எம்ஏஎச். 2014-ல் வந்த ஈ6என், 1865. 2020-ல் ஆர்5 கேமராவோடு வந்த ஈ6என்எச், 2130. கூடு அதே அளவுதான். பன்னிரண்டு வருடத்தில் ஏறியது மொத்தம் 330. அதற்கும் மேலே இன்னொரு 520-ஐ அதே கூட்டுக்குள் அடைத்து, பாதி விலைக்கு ஒருவர் தருகிறாராம். இதை நம்பச் சொல்கிறீர்களா?

பறவைப்பித்தன்:
நம்பிக்கைக்கு இங்கே வேலையே இல்லை. நான் அளந்தேன், நீங்கள் அளக்கவில்லை. மீட்டர் 2710 காட்டியது.

கரிச்சான்:
எத்தனை வோல்ட்டில்?

பறவைப்பித்தன்:
எம்ஏஎச் கேட்டால் எம்ஏஎச் சொல்கிறேன். வோல்ட் எங்கிருந்து வந்தது? நான்கு குடம் தண்ணீர் ஊற்றினால் தொட்டியில் நான்கு குடம்தான் இருக்கும். பேச்சை மாற்றாதீர்கள்.

கரிச்சான்:
நான் மாற்றவில்லை, பேச்சே அதுதான். உங்கள் மீட்டர் இருப்பது யுஎஸ்பி வயரில். அங்கே ஓடுவது 5 வோல்ட். பேட்டரிக்குள் இரண்டு செல்கள் தொடராக இருக்கின்றன. பெயரளவு 7.2 வோல்ட், முழுதாக ஏறும்போது 8.4. ஐந்தை எட்டுக்கு மேல் ஏற்ற சார்ஜருக்குள் ஒரு சர்க்யூட் இருக்கிறது. வோல்ட்டை ஏற்றினால் மின்னோட்டம் குறையும். வயரில் போன 2710 பேட்டரிக்குள் 2710 ஆகப் போய்ச் சேராது. உங்கள் குடம் வழியிலேயே வேறு அளவுக் குடமாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 2.71 ஆம்பியர்-மணியை 5 வோல்ட்டால் பெருக்கினால் 13.55 வாட்-மணி, அதாவது வயரில் போன மொத்த ஆற்றல். சார்ஜர் சூடாகிறதே, அதில் 15 முதல் 20 சதவீதம் போனது என்று வையுங்கள். மீதி ஏறத்தாழ 11 வாட்-மணி. அதை 7.2-ஆல் வகுத்தால் 1500-இலிருந்து 1600 எம்ஏஎச் வரை. உங்கள் பேட்டரியில் இருப்பது அவ்வளவுதான். 2650 இல்லை.

பறவைப்பித்தன்:
“என்று வையுங்கள்”, “ஏறத்தாழ”. இதெல்லாம் அளவா? என் மீட்டரில் ஏறத்தாழ என்று ஒன்றும் காட்டவில்லை. 2710 என்று எண்ணாகவே காட்டியது.

கல்யாணக்கேமரா:
நடுவில் ஒரு வார்த்தை. ஐந்து வருடமாக வெளி கம்பெனி பேட்டரி எட்டு வைத்து வேலை செய்கிறேன். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் தன் பெயரையே போட்டு விற்கிற வெளி கம்பெனி வேறு, ஒரிஜினல் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற போலி வேறு. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் நன்றாக இருக்கும்.

கரிச்சான்:
அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அவர் 2710 எத்தனை வோல்ட்டில் என்று சொல்லட்டும்.

பறவைப்பித்தன்:
சொல்லிவிட்டேன். எம்ஏஎச் என்றால் எம்ஏஎச்தான்.

கரிச்சான்:
சரி, மீட்டரை விடுங்கள். நேற்று நீங்கள் போட்ட படத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன். லேபிளில் “7.2 வோல்ட், 2650 எம்ஏஎச், 14 வாட்-மணி” என்று இருக்கிறது. 7.2-ஐயும் 2.65-ஐயும் பெருக்குங்கள், 19 வருகிறது. அச்சடித்தவன் 14 என்கிறான். ஒரே ஸ்டிக்கரில் இரண்டு எண்ணும் உண்மையாக இருக்க முடியாது. பெரிய எழுத்தில் இருப்பது விற்பதற்கு, சின்ன எழுத்தில் இருப்பது விமானத்துக்கு, அங்கே வாட்-மணியைத்தான் பார்ப்பார்கள்.

பறவைப்பித்தன்:
அப்படியா? உங்கள் ஒரிஜினலைத் திருப்பிப் பாருங்கள். 7.2 வோல்ட், 1865 எம்ஏஎச், 14 வாட்-மணி. பெருக்கினால் 13.4 தான். கேனான் மட்டும் பொய் சொல்லலாமோ?

கரிச்சான்:
13.4-ஐ 14 என்று மேலே தள்ளி எழுதியிருக்கிறார்கள். ஈ6என்எச்சிலும் அப்படித்தான், பெருக்கினால் 15.3, எழுதியிருப்பது 16. வித்தியாசம் ஒன்றுக்குள். உங்கள் லேபிளில் வித்தியாசம் ஐந்து. அரையை முழுதாக்குவதும் ஐந்தை விழுங்குவதும் ஒன்றா?

பறவைப்பித்தன்:
ஆக, கேனான் லேபிளிலும் கணக்கு சரியில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிச்சான்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய லென்ஸ்:
மெமரி கார்டு விவாதத்திலும் இதே இரண்டு பேர்தான். அப்போதும் கரிச்சான் கடைசி வரை விடவில்லை. தம்பி, ஒரு பேட்டரிக்கு இவ்வளவு வேண்டாம்.

கரிச்சான்:
மெமரி கார்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்ததே, அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? தம்பி என்றும் கூப்பிட வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது.

பழைய லென்ஸ்:
மரியாதையாகத்தானே கூப்பிட்டேன்.

பறவைப்பித்தன்:
எண்ணை விடுங்கள், களத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போன வாரம் இந்த பேட்டரி ஒன்றிலேயே 1400 படம் எடுத்தேன். ஒரிஜினலில் அவ்வளவு வந்ததா உங்களுக்கு?

கரிச்சான்:
நீங்கள் பறவை எடுப்பவர். ஷட்டரை அழுத்திப் பிடித்தால் சில நொடியில் நூறு படம். திரையில் படத்தைப் பார்த்துப் பார்த்து எடுப்பவருக்கு அதே பேட்டரியில் 400 தாண்டாது. படத்தை எண்ணி பேட்டரியை அளக்க முடியாது. அதற்காகத்தான் சிபா என்ற ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கம் ஒரு முறையே வைத்திருக்கிறது. எத்தனை நொடிக்கு ஒரு படம், எந்த வெப்பநிலை என்று எல்லாம் அதில் உண்டு.

நான் அளந்த விதத்தைச் சொல்கிறேன். முழுதாக 8.4-க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, 400 மில்லி ஆம்பியர் நிலையான லோடு (சீராக மின்சாரத்தை இழுக்கும் கருவி) கொடுத்து, 6 வோல்ட் வரும் வரை இறக்கினேன். உள்ளே போனதை அளந்தால் சார்ஜர் தின்றதும் சேர்ந்து வரும். வெளியே வருவதைத்தான் அளக்க வேண்டும். 1865 போட்ட ஒரிஜினல் 1810 தந்தது. 2000 போட்ட வெளி கம்பெனி 1540 தந்தது. மூன்று முறை செய்தேன். அதோடு அந்த வெளி கம்பெனி பேட்டரி கேமராவில் 38 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த நிலையில் ஒரேயடியாக அணைந்தது. மேடையில் விருது கொடுக்கிற நேரம். அந்தப் படம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது புரிகிறதா எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று?

பறவைப்பித்தன்:
உங்களுடையது வேறு கம்பெனி, என்னுடையது வேறு. உங்களுக்குப் படம் போனதற்கு என் மீட்டர் என்ன செய்யும்? 2710.

கரிச்சான்:
எத்தனை வோல்ட்டில்?

புதுஷட்டர்:
எனக்கு ஒரு அவசரச் சந்தேகம். என் பேட்டரி கொஞ்சம் உப்பிவிட்டது போல. கேமராவை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. இடுக்கி வைத்து இழுக்கலாமா?

கரிச்சான்:
வேண்டாம்! இடுக்கி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். ஓட்டை விழுந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். கேமராவை அணைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், எரியக்கூடிய எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சிதைந்து வாயு சேர்ந்ததால்தான் உப்பியிருக்கிறது. அது திரும்பச் சரியாகாது.

இதைத்தான் சொல்ல வந்தேன். சில மலிவு பேட்டரிகளில் சூட்டை உணரும் தெர்மிஸ்டரே இருப்பதில்லை. நான் பிரித்த ஒன்றில் அந்த இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். செல் எவ்வளவு கொதித்தாலும் சார்ஜருக்கு எப்போதும் இதமான சூடு என்றுதான் தெரியும். கொள்ளளவில் பொய் சொன்னால் படம் போகும். இதில் பொய் சொன்னால் வீடு போகும்.

பறவைப்பித்தன்:
பேட்டரியைப் பிரித்தீர்களா? ஊருக்கெல்லாம் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவர் லித்தியம் பேட்டரியை உடைத்துப் பார்க்கிறார்!

கரிச்சான்:
முழுதாக இறக்கிவிட்டு, வெட்டவெளியில், தெரிந்துதான் செய்தேன். யாரையும் செய்யச் சொல்லவில்லை.

கல்யாணக்கேமரா:
ஒரிஜினல் என்றால் எல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2012-ல் நிக்கான் தன் சொந்த ஈஎன்-ஈஎல்15 பேட்டரியிலேயே சில தொகுதிகளைச் சூடேறும் குறைக்காகத் திரும்ப வாங்கியது.

பறவைப்பித்தன்:
அப்படிப் போடுங்கள். 2006-ல் டெல் லேப்டாப் பேட்டரிகள் நாற்பது லட்சத்துக்கு மேல் திரும்ப வாங்கினார்களே, உள்ளே இருந்தது சோனி செல். என் பேட்டரிப் பெட்டியில் சிஇ முத்திரை இருக்கிறது, ஐநா 38.3 சோதனை முடித்தது என்றும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கரிச்சான்:
திரும்ப வாங்கினார்கள், அதைத்தான் கவனிக்க வேண்டும். தொகுதி எண்ணைச் சொல்லி, மாற்றிக் கொடுத்தார்கள். உங்கள் கம்பெனி நாளைக்குப் பெயரை மாற்றிக்கொண்டால் யாரைத் தேடுவீர்கள்? சிஇ என்பது ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பவரே ஒட்டிக்கொள்கிற உறுதிமொழி. 38.3 என்பது லித்தியம் பேட்டரியை அனுப்பும்போது அழுத்தம், வெப்பம், அதிர்வு, ஷார்ட், மிகை சார்ஜ் எல்லாம் தாங்குமா என்று பார்ப்பது. 2650 இருக்கிறதா என்று அதில் யாரும் அளப்பதில்லை. அதுவும் சோதனைக்குக் கொடுத்த பேட்டரியும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று அந்தப் பெட்டி சொல்லாது.

கல்யாணக்கேமரா:
அதனால்தான் போலியா, வெளி கம்பெனியா என்று முதலிலேயே கேட்டேன். என் எட்டும் லேபிளில் சொன்னதற்குப் பக்கத்தில்தான் தருகின்றன. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

கரிச்சான்:
எந்த லோடில் அளந்தீர்கள்?

கல்யாணக்கேமரா:
அளக்கவில்லை, வேலை செய்கிறேன். வேலை செய்பவனுக்குத் தெரியும்.

கரிச்சான்:
இதோ, இன்னொருவர்.

புதுஷட்டர்:
பழுது பார்ப்பவர் அடிப்பக்கத்தைக் கழற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் வயிறு மாதிரி வீங்கியிருக்கிறது. லேபிளில் 2600 என்று போட்டிருக்கிறது. நன்றி கரிச்சான்.

பறவைப்பித்தன்:
வெயிலில் காரில் வைத்திருப்பார். அதற்கும் லேபிளுக்கும் என்ன சம்பந்தம்? இன்று இரண்டாவது பேட்டரியையும் அளந்துவிட்டேன், 2684. இரண்டு தடவையும் மீட்டர் பொய் சொல்லுமா?

கரிச்சான்:
மீட்டர் பொய் சொல்லவே இல்லை. 5 வோல்ட்டில் 2684 என்று சொல்கிறது. நீங்கள்தான் பாதியை மட்டும் படிக்கிறீர்கள். லோடு வைத்து இறக்கிக் காட்டுங்கள், 2650 வந்தால் நானே இங்கே எழுதுகிறேன்.

பறவைப்பித்தன்:
உங்களுக்காக நான் ஏன் புதுக் கருவி வாங்க வேண்டும்? 2684.