சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவுச்சத்து: பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

தைபேயிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேற்படிப்புக்காகத் தைவானில் தங்கியிருக்கும் எனக்கு, இந்த மாவுச்சத்து இரவுச் சந்தையில் பொரித்துத் தரும் கோழித் துண்டுகளின் வழியாகவே அறிமுகமானது. நம் ஊரில் இத்தகைய பலகாரத்துக்குச் சோளமாவையோ கடலைமாவையோ சேர்ப்போம். இங்கோ, சோயா சாஸிலும் பூண்டிலும் ஊறிய இறைச்சியைச் சர்க்கரைவள்ளி மாவுச்சத்தில் புரட்டிப் பொரித்து, கடைசியில் துளசி இனத்து இலைகளையும் எண்ணெயில் போட்டெடுத்து, மிளகும் உப்பும் தூவித் தருகிறார்கள்.

கடைகளில் இது நைசான தூளாகவும், ரவையை ஒத்த குருணையாகவும் கிடைக்கிறது. பொரிப்பதற்குக் குருணையே ஏற்றது. கரடுமுரடான, நொறுங்கும் மேல்தோலைத் தருவது அதுதான். புரட்டியவுடன் எண்ணெயில் இடாமல் சில நிமிடங்கள் விட்டுவைத்தால், குருணை இறைச்சியின் ஈரத்தை உறிஞ்சி, வெண்மை மங்கி, நன்றாகப் பற்றிக்கொள்ளும். அவ்வாறு செய்யாவிட்டால் பாதி மாவு உதிர்ந்து, எண்ணெயின் அடியில் கருகிவிடும். மாவுச்சத்தில் குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் இல்லை என்பதற்காகக் கோதுமை ஒவ்வாதவர்கள் இந்தப் பண்டத்தை நம்பி உண்ண வேண்டாம். பெரும்பாலான சோயா சாஸ்களில் கோதுமை உண்டு.

சிப்பி ஆம்லெட்டில் இதே மாவுச்சத்து முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்கிறது. தண்ணீரில் கரைத்துக் கல்லில் ஊற்றினால், வெந்ததும் ஒளி ஊடுருவும் கொழகொழப்பான ஏடாகிறது. அந்தக் கொழகொழப்பு எனக்கு இன்றுவரை முழுமையாகப் பிடிக்கவில்லை. உள்ளூர் நண்பர்களோ அதற்காகவே கடை தேடிப் போகிறார்கள்.

சியோலிலிருந்து ஓர் உறுப்பினர்:

கொரியாவில் இந்த மாவுச்சத்தின் அருமையை டாங்மியோன் என்னும் கண்ணாடி நூடுல்ஸில்தான் காண வேண்டும். கீரை, கேரட், காளான் முதலியவற்றைத் தனித்தனியே வதக்கி, சோயா சாஸும் நல்லெண்ணெயும் சேர்த்து இதனுடன் பிசறினால் ஜாப்சே தயாராகிறது. இன்று இது இல்லாத ஜாப்சேயை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்றாலும், 17ஆம் நூற்றாண்டில் அரண்மனையில் பரிமாறப்பட்ட ஜாப்சேயில் நூடுல்ஸ் கிடையாது. இருபதாம் நூற்றாண்டில்தான் டாங்மியோன் அதில் இடம்பெற்றது.

உணவுப் பதப்படுத்தும் துறையில் பணிபுரிவதால், இந்த நூடுல்ஸ் கொதிநீரிலும் கரையாமல் நிற்பதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்துத் துகள்கள் வெந்நீரில் ஊதிப் பசையாகின்றன. அந்தப் பசை குளிரும்போது, கலைந்து கிடந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன. ரொட்டி காய்ந்து விறைப்பதற்குக் காரணமாகி, அங்கே குறையாகக் கருதப்படும் இந்த இயல்பையே நூடுல்ஸ் செய்பவர்கள் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். வெந்த இழைகளைக் குளிரவைத்து, உறையவைத்து, பின்னர் உருக்கி உலர்த்துவதால், இழைகள் ஒட்டாமல் பிரிவதோடு, மறுபடி கொதிநீரில் போட்டாலும் கரையாமல் இழுவையாக நிற்கின்றன. கோதுமை நூடுல்ஸுக்குப் புரதம் செய்யும் வேலையை இங்கே மாவுச்சத்தே செய்கிறது. மீந்த ஜாப்சே குளிர்சாதனப் பெட்டியில் விறைத்து மங்கலாகிவிட்டால் எறிந்துவிடாதீர்கள். வாணலியில் சிறிது தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் பழைய பதத்துக்குத் திரும்பும்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் உறுப்பினர்:

கடையில் கிடைக்காததால் நான் வீட்டிலேயே எடுக்கிறேன். கூவைக்கிழங்கு மாவு எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. கிழங்கைத் தோல் சீவித் துருவி, குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, பாலைத் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் பழுப்பு நீரை இறுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றிக் கலக்குவதை, அடியில் தங்கும் மாவு வெளுக்கும் வரை தொடர வேண்டும். வெந்நீரை இந்த வேலையில் சேர்க்கவே கூடாது. சூட்டில் மாவுச்சத்து பசையாகிவிடும், பிறகு படியாது. ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்கைக் காட்டிலும் வெள்ளைச் சதையுள்ள கிழங்கில் மாவு கூடுதலாகத் தேறுகிறது. சர்க்கரை நீரோடு போய்விடுவதால், காய்ந்த மாவில் இனிப்பே இருக்காது.

கிழங்கை வில்லைகளாக வெட்டி உலர்த்தி அரைத்த பொடியையும் சிலர் இதே பெயரில் விற்கிறார்கள். அதில் நாரும் சர்க்கரையும் இருப்பதால் பொரித்தால் சீக்கிரம் சிவந்துவிடும், நூடுல்ஸுக்கும் உதவாது. வாங்குவதற்கு முன் நிறத்தைப் பாருங்கள்: மாவுச்சத்து வெண்மையாக, விரல்களுக்கிடையே நறநறவென்று இருக்கும்.

தைபே உறுப்பினரின் மறுமொழி:

நீங்கள் பிரித்துக் காட்டியது மிகவும் தேவையான ஒன்று. கிழங்கின் சத்தெல்லாம் மாவுச்சத்திலும் இருக்கிறது என்று எண்ணிச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாரின் பெரும்பகுதி பிழிந்த சக்கையிலும், நீரில் கரையும் வைட்டமின்கள் இறுத்த நீரிலும் போய்விடுகின்றன; எஞ்சுவது ஏறத்தாழ முழுவதும் மாவுப்பொருளே. அந்தச் சக்கையை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். அடைமாவில் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.