சீல் மாற்றியும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. ஸ்பிரிங்கையும் மாற்றிவிடலாமா?

மழைப்பயணி:
வணக்கம். முதல் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய பைக், 9 வருடம், 62,000 கி.மீ. ஓடிவிட்டது. இடது பக்க ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் குழாய்) நான்கு மாதத்துக்குள் இரண்டு தடவை ஆயில் சீல், அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், மாற்றினேன். ஒரு மாதம் நன்றாக இருக்கும். அப்புறம் குழாயைச் சுற்றி எண்ணெய் வளையம், அதன் மேல் மண். பிரேக் பிடித்தால் முன்பக்கம் பொதுக்கென்று இறங்குகிறது, சிறு பள்ளத்துக்கே 'டங்' என்று சத்தம். கெட்டி ஸ்பிரிங்கும் கெட்டி எண்ணெயும் போட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? விற்க மனமில்லை.

ஸ்பேனர்14:
அதற்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள். வழிகிற எண்ணெய் பிரேக் பேடில் பட்டால் பிடிமானம் போய்விடும். பேட் எண்ணெயைக் குடித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

பழையவண்டிக்காரன்:
ஸ்பிரிங் இப்போது வேண்டாம். புதுச் சீல் ஒரு மாதத்தில் கசிந்தால் நான் சீலைச் சந்தேகப்பட மாட்டேன், குழாயைத்தான் சந்தேகப்படுவேன். கல் தெறித்தோ துரு பிடித்தோ குரோம் மேல் ஊசிமுனை அளவு குழி விழுந்திருக்கும். ஃபோர்க் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு தடவையும் அதன் விளிம்பு சீலின் உதட்டை அறுக்கும். குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாததை நகம் சொல்லிவிடும். சீல் உரசாத உயரத்தில் இருக்கும் குழியால் கசிவு வராது.

சத்தத்துக்கு: எண்ணெய் குறைந்தாலே ஃபோர்க் அடிமட்டம் வரை போய் இடிக்கும். கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்) தேய்ந்தாலும் அதே மாதிரி கேட்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில் கழுத்தில் விரலை வையுங்கள். அங்கே ஆட்டம் தட்டுப்பட்டால் கோன் செட்.

கெட்டி எண்ணெய் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எண்ணெய் எடையைத் தாங்காது, அசைவின் வேகத்தைத்தான் குறைக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். 10டபிள்யூ கேட்கிற ஃபோர்க்கில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ எண்ணெய் ஊற்றினால் அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் திரும்பி வர நேரமில்லாமல் கை வலிதான் மிஞ்சும். பிரீலோடும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) அப்படித்தான்: ஏற்றினால் வண்டி உயரும், ஸ்பிரிங் கெட்டியாகாது.

எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். அளவு கண் மதிப்பில் வேண்டாம். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாய் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை கையேட்டில் சொன்ன மி.மீ. வர வேண்டும். வெளியே எடுத்த ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் மட்டும் புதிது.

மழைப்பயணி:
நகம் மாட்டியது! டஸ்ட் சீலுக்கு (ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் வளையம்) இரண்டு விரற்கடை மேலே, முன்பக்கம், துருப் பொட்டு ஒன்று. எண்ணெய் சாம்பல் நிறத்தில் அழுகிய மீன் வாடையோடு வந்தது. சீல் மாற்றியபோதும் பழையதையே ஊற்றியிருக்கிறார்கள் போல, இதுவரை மாற்றியதே இல்லை. ஸ்பிரிங் அளவுக்குள்தான் இருக்கிறது, கோன் செட்டில் ஆட்டமில்லை. பேட் மாற்றிவிட்டேன். இந்தக் குழியை என்ன செய்வது?

பழையவண்டிக்காரன்:
2000 நம்பர் தண்ணீர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, தூக்கி நிற்கும் விளிம்பை மட்டும் தேயுங்கள். சுற்றியுள்ள குரோமைத் தொடாதீர்கள். ஆழமாக இருந்தால் எபாக்சி பசை வைத்து மட்டமாக்கலாம், ஆனால் அது தற்காலிகம்தான். துரு பரவியிருந்தால் குழாயையே மாற்றுங்கள். புதுச் சீலை இறக்கும்போது குழாயின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, ஃபோர்க் எண்ணெய் தடவி இறக்குங்கள். இல்லையென்றால் அந்த விளிம்பே சீலை அறுத்துவிடும்.

பூட்டிய பிறகு குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, நீங்கள் உட்கார்ந்தால் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். மொத்த அசைவு 130 மி.மீ. என்றால் 35 முதல் 45 வரை சரி. பிரீலோடு சரிசெய்தும் அதைவிட அதிகம் இறங்கினால் சொல்லுங்கள், அப்போது ஸ்பிரிங் பற்றிப் பேசுவோம்.