கீற்றுக் கொட்டகையும் கார்பன் குச்சியும்: கோவை வட்டாரத்து சினிமா அனுபவப் பகிர்வு

தியேட்டர் வரலாறு சேகரிப்பவர்:

கோவையில் சினிமாப் பேச்சு வெரைட்டி ஹாலில்தான் தொடங்கும். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் துண்டுப் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. சாலைக்கு மட்டும் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர்.

கட்டடம் வந்ததும் கூடாரம் ஒழிந்துபோகவில்லை, கிராமத்துக்கு நகர்ந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலைய மின்சாரம் கோவைக்கு வந்தபோதும், கம்பி எட்டாத ஊர்களில் டூரிங் டாக்கீஸ் என்ற நடமாடும் கீற்றுக் கொட்டகை ஆயில் இன்ஜினை நம்பித்தான் ஓடியது. இரைச்சல் உள்ளே கேட்காதபடி இன்ஜினைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைப்பார்கள். அதன் வேகம் குறைந்தால் புரொஜெக்டர் மோட்டாரும் தளரும். உடனே பாட்டு இழுக்கும், சனம் விசிலடிக்கும். பகல் காட்சி கிடையாது. கீற்றிடுக்கில் வெயில் நுழைந்தால் திரையில் படம் தெரியாது. முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், இரண்டும் ராத்திரிதான்.

கொட்டகையில் ஏன் மூன்று, நான்கு இடைவேளை விட்டார்கள் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேட்டர் வேலை பார்த்தவர்:

முறுக்கு, சோடா விற்பனைக்காக விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வியாபாரம் நடந்தது உண்மை, காரணம் அதுவல்ல. கொட்டகையில் ஒரே மெஷின். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,000 அடிப் படம் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 2,000 அடி ஸ்பூல், அதாவது பிலிம் சுற்றிய சக்கரம், 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பெரிய ஸ்பூலில் சேர்த்துச் சுற்றினாலும் நடுவில் நிறுத்தாமல் முடியாது. டவுன் தியேட்டரில் இரண்டு மெஷின் இருந்ததால் ஒன்று முடியும்போது மற்றது பிடித்துக்கொள்ளும்.

அந்த மாற்றத்துக்கு அடையாளம் திரையின் வலது மேல் மூலையில் வரும் புள்ளி. முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு வினாடி கழித்து இரண்டாவது புள்ளி வரும், அதற்குள் மோட்டார் முழு வேகம் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது புள்ளியில் ஷட்டரையும் சவுண்டையும் மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு மிச்சம் 18 பிரேம், ஒரு வினாடிகூட இல்லை. ரீலின் தொடக்கத்தில் எண்கள் அச்சிட்ட வெற்றுப் பிலிம்தான் லீடர். அதில் எந்த எண்ணைக் கேட்டில் (லென்சுக்கு நேரே பிலிம் நிற்கும் இடம்) நிறுத்தி வைப்பது என்பது மோட்டார் வேகம் பிடிக்கும் நேரத்தைப் பொறுத்தது, ஒவ்வொரு மெஷினுக்கும் அது வேறுபடும்.

வெளிச்சம் கார்பன் ஆர்க், இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு இடையே மின்சாரத்தால் எரியும் சுடர். நடுத்தர அரங்கில் 7 மி.மீ. பாசிட்டிவ், 6 மி.மீ. நெகட்டிவ், 40 முதல் 50 ஆம்பியர் டி.சி. ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றத்தான் ரெக்டிபயர். இரண்டு குச்சியும் எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும், பாசிட்டிவ் நெகட்டிவைவிட வேகமாக. இடைவெளி கூடினால் சுடர் ஆடி அணைந்துவிடும். நெருங்கினால் சீறும், நெகட்டிவ் முனையில் காளான் மாதிரி கரி கட்டும். பாசிட்டிவ் முனை கண்ணாடியின் குவியத்தை விட்டு நகர்ந்தால் திரையின் நிறமே மாறும், ஓரம் இருளும். குச்சியின் மேல்பூச்சுச் செம்பு உருகிக் கண்ணாடியில் தெறித்தால் அந்தப் புள்ளி அழியாது. ஆட்டம் முடிந்ததும் துடைக்காமல் விட்ட கேபினில் ஆறே மாதத்தில் வெளிச்சம் மங்கியிருக்கும்.

இன்னொன்று லூப். கேட்டுக்கு மேலும் கீழும் பிலிம் தளர்ந்து வளைந்து நிற்க வேண்டும். படம் விட்டுவிட்டு நகர்கிறது, சத்தத்தைப் படிக்கும் சவுண்ட் ஹெட்டில் பிலிம் சீராக ஓட வேண்டும், அந்த வேறுபாட்டை ஏற்பது லூப்தான். படத்துக்கும் அதற்குரிய சத்தத்துக்கும் பிலிமில் சுமார் 20 பிரேம் தூரம். கீழ் லூப் அளவு தப்பினால் வாயசைவும் பேச்சும் பொருந்தாது. லூப் அறுபட்டால் படம் குதிக்கும், பிலிம் ஓரத்துத் துளை கிழியும்.

பட விநியோகத்தில் இருந்தவர்:

அண்ணன் சொன்ன புள்ளிகள் ஏ சென்டரில், அதாவது பெரிய நகரத் தியேட்டர்களில்தான் இருக்கும். பி, சி சென்டர் எனப்படும் சிறு நகரங்கள், சிற்றூர்கள் சுற்றிக் கொட்டகைக்கு வரும் பெட்டியில் ரீல் முனைகள் வெட்டி வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், புள்ளி அதோடு போய்விடும். அப்புறம் ஒவ்வொரு ஆபரேட்டரும் பிலிமில் கீறிப் பெருக்கல் குறி போடுவார். நான்கு ஊர் தாண்டிய பிரிண்டில் நான்குவிதக் குறி இருக்கும். இது பிரிண்டுக்குச் செய்த கொடுமை, ஆனால் ஆபரேட்டருக்கு வேறு வழியும் இல்லை.

ஒட்டும் முறை: பிரேம் கோட்டில் நேராக வெட்டி, ஒரு முனையில் எமல்ஷனை (படம் பதிந்த மேல்பூச்சு) சுத்தமாகச் சுரண்டி, துளைக்குத் துளை பொருத்தி, பிலிம் சிமென்ட் என்ற பசை தடவி அழுத்திப் பிடிக்க வேண்டும். சுரண்டல் மிச்சம் இருந்தால் ஒட்டு அடுத்த ஆட்டத்திலேயே பிரியும். பிலிம் ஓரத்தில் சத்தம் பதிந்த சவுண்ட் டிராக்கில் ஒட்டு விழும் இடத்தைக் கறுப்பு மையால் முக்கோணமாக அடைத்தால் 'டப்' சத்தம் வராது. பின்னால் வந்த பாலியஸ்டர் பிரிண்டில் சிமென்ட் பிடிக்காது, டேப்தான். அது கிழியவும் கிழியாது, சிக்கினால் மெஷினைத்தான் கெடுக்கும்.

ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஓட்டும் ஷிப்டிங்கிலும் கணக்கு உண்டு. ரீல் ஓட 22 நிமிடம், திருப்பிச் சுற்ற நான்கைந்து, சைக்கிளில் போக பத்து. ஆக நாற்பது நிமிடமாவது தள்ளித் தொடங்காவிட்டால் இரண்டாவது தியேட்டரில் திரை இருண்டுவிடும், விளம்பர சிலைடு போட்டே ஒப்பேற்ற வேண்டும்.

வசூலுக்குச் சாட்சி டி.சி.ஆர்., அன்றாட வசூல் கணக்கு. அப்போது 1939 கேளிக்கை வரிச் சட்டத்தின்படி வரி கட்ட வேண்டியிருந்தது, டிக்கெட்டில் வணிகவரித் துறையின் முத்திரை இருந்தது. தரை, பெஞ்ச், சேர் என வகுப்பு வாரியாக முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் விநியோகஸ்தரின் ரெப் (பிரதிநிதி) எழுதிக்கொள்வார். கிழித்த பாதியை வாசலில் திரும்ப எடுத்து மறுபடி விற்பதுதான் பழைய திருட்டு. அதனால் நல்ல ரெப் கவுன்டரில் உட்காரமாட்டார், இடைவேளையில் தலைகளை எண்ணுவார்.

ஆபரேட்டர் வேலை பார்த்தவர்:

தலையெண்ணிக்கை பற்றித் தம்பி சொன்னது சரி. தரை டிக்கெட்டில்தான் அது கஷ்டம், மணலில் குழந்தைகள் படுத்துத் தூங்கும்.

பழைய கொட்டகைக்காரர் வீடுகளில் இன்னும் பிலிம் பெட்டிகள் கிடக்கின்றன. திறந்ததும் காடி வாடை வந்தால் அசிட்டேட் வகைப் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது, மற்ற ரீல்களிலிருந்து அதை உடனே பிரித்து வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ரீலாக இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகைப் பிலிமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருவதால் தண்ணீருக்கும் மணலுக்கும் அடங்காது. எந்த மெஷினிலும் ஏற்றிப் பார்க்காதீர்கள், மொட்டை மாடி அறையில் வைக்காதீர்கள். கொஞ்சம் வெட்டிக் கொளுத்திச் சோதிக்கும் பழக்கமும் வேண்டாம். பெட்டியை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துவிட்டுப் பிலிம் ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள்.